கண்ணாடித் தொட்டியில் கடற்பாசி வளர்ப்பு

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல நான் கல்வெட்டைப் பற்றியோ நீதிநூலைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார். இம்முறை கடற்பாசியைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன். சித்தூரிலிருந்து வேலூர் போகும் வழியில் உள்ள குடிபாலாவில் மளிகைக் கடை வைத்திருப்பவனுக்கும் கடற்பாசிக்கும் என்ன சம்பந்தம்? கடலோ இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் தனியாகப் பிரிந்து, சூளூர்ப்பேட்டை, தடா எல்லாம் அதில் சேர்ந்தபோதுதான் எங்கள் பக்கத்து மாவட்டத்துக்கே ஒரு கடற்கரை கிடைத்தது.

சம்பந்தம் கடையிலேயே இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. நாற்பது வருஷமாக 'சைனா கிராஸ்' பாக்கெட் விற்கிறேன். நோன்பு மாதம் வந்தால் இஸ்லாமிய அன்பர்கள் வீட்டில் 'கடல்பாசி' செய்ய வாங்கிப் போவார்கள். "எலும்பில் எடுக்கிற ஜெலட்டின் இல்லீங்க, இது பாசி, சைவக்காரங்களும் சாப்பிடலாம்" என்று சொல்லித்தான் விற்பேன். (எங்கள் சமணரில் ஆசாரம் மிகுந்தவர்கள் பாசியையும் தொடமாட்டார்கள். ஒரே உடம்பில் கணக்கற்ற உயிர்கள் கூடி வாழ்வது பாசி என்பது எங்கள் நூல்களின் கொள்கை.) இந்தப் பொருளுக்கு உலகப் பெருமையும் உண்டு. 1881-ல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற அம்மையார், தம் கணவர் கிருமிகளை வளர்க்க வைத்திருந்த ஜெலட்டின் வெயிலில் உருகிப்போவதைப் பார்த்து, சமையலறையில் தாம் பயன்படுத்திவந்த அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அகார் சுமார் 85 டிகிரியில்தான் இளகும். 40 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். ராபர்ட் காக் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடமே அன்று முதல் அகாருக்கு மாறியது. இன்றும் ஆஸ்பத்திரிகளில் கிருமி வளர்த்துப் பார்ப்பது அதில்தான்.

பாக்கெட்டில் வெள்ளைச் சரடாக வருவதை மட்டும் பார்த்திருந்த எனக்கு, உயிரோடிருக்கும் கடற்பாசியைக் காட்டியவன் திருப்பதியில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன். சமுத்திர மீன் தொட்டி ஒன்று வைத்திருந்தான். ஒருநாள், "தாத்தா, தொட்டிக்குள்ள பாசி வளக்கப் போறேன்" என்றான்.

"ஊரெல்லாம் தொட்டியில பாசி புடிச்சிடுச்சின்னு சுரண்டி எறியறாங்க. நீ காசு குடுத்து வளக்கறியாடா?" என்று சிரித்தேன். பிறகு ஒரு வருஷம் அதைக் கூட இருந்து பார்த்தேன், படித்தேன். கற்றதையும், நான் செய்த பிழை ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

இது எந்தப் பாசி?

கண்ணாடியில் வழவழவென்று படர்வதும், குளத்து நீரைப் பச்சையாக்குவதும் நுண்பாசி. அதுவல்ல இது. இலை போலவும் கொத்துப் போலவும் கையால் அள்ளக்கூடிய அளவுக்கு வளர்வது பெரும்பாசி. செடி மாதிரி இருக்குமே தவிர, மண்ணிலிருந்து சத்து உறிஞ்சும் வேர் இதற்குக் கிடையாது. பாறையைப் பிடித்துக்கொள்ள ஒரு பிடிப்பு இருக்கும். சத்தையெல்லாம் உடம்பு முழுவதாலும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பச்சை, பழுப்பு, சிவப்பு என்று மூன்று பெரும் வகை.

நம் தமிழ்க் கடற்கரை இதில் பெரும் செல்வம் உடையது. இராமநாதபுரம் கரையில் அகார் எடுக்கும் சிவப்புப் பாசிகளை மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்பார்கள். பழுப்புப் பாசியில் ஒன்று கட்டக்கோரை. படித்தவர் வைத்த லத்தீன் பெயர்களுக்கு முன்பே கடலில் மூழ்கியெடுக்கும் பெண்கள் வாயில் வழங்கிய பெயர்கள் இவை. படித்தவர் வரிசையில் முதலில் வணங்கவேண்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963). இந்தியப் பாசியியலின் தந்தை என்று உலகம் போற்றுபவர். பாம்பனுக்கு அருகே உள்ள குருசடைத் தீவின் பாசிகளை ஆராய்ந்து 1927-ல் வெளியிட்டார். அந்தக் குருசடைத் தீவு இக்கட்டுரையில் மறுபடியும் வரும்.

தொட்டிக்குள் வரவு செலவு

மீன் தொட்டியில் பாசி எதற்கு? நான் வியாபாரி, எனக்குப் பேரேட்டுக் கணக்காகச் சொன்னால்தான் விளங்கும். பேரன் அப்படித்தான் சொன்னான்.

மீனுக்குத் தினமும் தீனி போடுகிறோம். அது வரவு. மீன் தின்றது போக மிஞ்சியதும், மீனின் கழிவும் அழுகி அம்மோனியா ஆகிறது. அம்மோனியா மீனுக்கு விஷம். கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். தொட்டி வாங்கிய மறுநாளே மீன் விடுகிறவர்கள் மீனைப் பறிகொடுப்பதற்கு இதுதான் காரணம்.

நைட்ரேட் அத்தனை கொடிய விஷம் அல்ல. ஆனால் அது எங்கேயும் போகாது. தீனியில் வந்த பாஸ்பேட்டும் அப்படியே. தண்ணீர் ஆவியாகும், இவை ஆகா. வரவு மட்டும் எழுதிச் செலவே எழுதாத கடைக் கணக்கு மாதிரி, நாளுக்கு நாள் சரக்குத் தேங்கிக்கொண்டே போகும். தேங்கிய சரக்கைத் தின்னத்தான் வேண்டாத நுண்பாசி கண்ணாடியிலும் கல்லிலும் படை எடுக்கிறது.

பெரும்பாசி வளர்ப்பவர் செய்யும் யுக்தி இதுதான்: அந்தச் சத்தை நாம் விரும்பும் பாசிக்கு, நாம் விரும்பும் இடத்தில் தின்னக் கொடுப்பது. அட்கின்சன், ஸ்மித் என்ற இருவர் 1983-ல் பல கடல் தாவரங்களின் உடம்பை ஆராய்ந்து, ஒரு பங்கு பாஸ்பரசுக்குச் சுமார் 30 பங்கு நைட்ரஜனும் 550 பங்கு கார்பனும் அணுக்கணக்கில் இருப்பதாகக் கண்டார்கள். ஆக, வளரும் பாசியின் ஒவ்வொரு பிடியிலும் தொட்டியின் அழுக்கு கட்டுண்டு கிடக்கிறது.

இங்கேதான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். அழுக்கு பாசிக்குள் போனதே தவிர, தொட்டியை விட்டு இன்னும் போகவில்லை. பாசியை வெட்டி வெளியே எடுக்கிற அன்றைக்குத்தான் செலவுப் பத்தியில் எழுதலாம். வெட்டாத பாசி கிடங்கில் கிடக்கும் சரக்கு. அது அழுகினால் கட்டுண்டதெல்லாம் மறுபடி தண்ணீரிலேயே கொட்டும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்ட்டர் ஏடி என்ற அறிஞர் 1980-களில் பெரிய பவளப்பாறைத் தொட்டியையே பாசியால் சுத்தம் செய்து காட்டினார். அவர் முறையின் உயிர்நாடியும் தவறாமல் பாசியை அறுத்தெடுப்பதுதான்.

வளர்க்கும் முறை

முதலில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் உயிருள்ள பவளத்தோடு தொட்டி வைப்பதைப் பார்த்து நம் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி முதலியவை 2001 முதல் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமாக முதல் அட்டவணையில் உள்ளன. யாராவது விற்றாலும் வாங்கக் கூடாது. செயற்கைக் கல், பாசி, பண்ணையில் குஞ்சு பொரித்த மீன், இவை போதும். கோமாளி மீனைப் பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்யும் வித்தையை மண்டபம், பரங்கிப்பேட்டை ஆராய்ச்சி நிலையங்கள் எப்போதோ கண்டுவிட்டன.

தண்ணீர்: போர்த் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது கடலின் கணக்கு. நூறு லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ. கடல் உப்புக் கலவை என்று விற்பது சற்றுக் கூடவே பிடிக்கும். "நம்ம கடையிலயே உப்பு இருக்கே, மூட்டையா எடுத்துக்கோ" என்றேன். அது ஆகாதாம். கடலில் கரைந்த உப்பில் சோடியமும் குளோரினும் சுமார் 85 பங்குதான். மீதி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவை. உப்பளத்தில் நீர் வற்றும்போது கால்சியம் முன்னாலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும். மக்னீசியம் கசப்பு நீரோடு போய்விடும். நாம் சாப்பிடும் உப்பில் இவை ஏது? நாற்பது வருஷம் தூத்துக்குடி உப்பு விற்றவனுக்கு இது புதுப் பாடம்.

தண்ணீர் வற்றினால் உப்பு நீர் ஊற்றக் கூடாது. போனது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. அதனால் நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும். எங்கள் சித்திரை வெயிலுக்குத் தினமும் பார்க்கவேண்டும். சூடு 25லிருந்து 27 டிகிரிக்குள் இருப்பது நலம்.

இடம்: மீன் இருக்கும் தொட்டியிலேயே பாசியை வைத்தால் சில மீன்கள் தின்றுவிடும். பக்கத்திலோ கீழேயோ சிறு அறை ஒன்று வைத்து, பம்பு மூலம் தண்ணீர் போய்வர விடுவார்கள். அடைக்கல அறை என்று சொல்லலாம். பாசிக்கும், அதற்குள் பெருகும் பூச்சி போன்ற நுண்ணுயிர்களுக்கும் அது அடைக்கலம்.

வெளிச்சம்: சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்குப் போதும், பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம். பெரிய தொட்டியின் விளக்கு அணையும்போது இந்த விளக்கு எரியவேண்டும். காரணம், இருட்டில் எல்லா உயிரும் கரியமில வாயுவை விட, தண்ணீரின் காரத்தன்மை இறங்கும். பாசி அதை உறிஞ்சி இறங்காமல் தாங்கும்.

வகை: புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கீட்டோமார்ஃபா என்ற பச்சைப் பாசி நல்லது. சிக்கிப்போன நைலான் நூல்கண்டு மாதிரி இருக்கும். எதையும் பிடித்துக்கொள்ளாமல் மிதந்தே வளரும். கைப்பிடி அளவு போதும். நீரோட்டத்தில் உருண்டுகொண்டிருந்தால் எல்லாப் பக்கமும் வெளிச்சம் படும். அறையில் முக்கால் பங்கு நிறைந்ததும் பாதியை எடுத்துவிடவேண்டும். கடலில் போய்ப் பிடுங்கிவரக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. ஏற்கெனவே வளர்ப்பவரிடம் ஒரு பிடி வாங்கிக்கொள்வதே முறை.

ஓர் இரவில் நடந்தது

பேரன் முதலில் வளர்த்தது கீட்டோமார்ஃபா அல்ல, காலெர்ப்பா. பார்க்க அத்தனை அழகு. தரையில் கொடி ஓடி, மேலே இறகு இறகாகப் பச்சை நிமிர்ந்து நிற்கும். இன்னொரு அதிசயம், கொடி எத்தனை நீளம் ஓடினாலும் முழுவதும் ஒரே ஒரு செல். நடுவில் தடுப்புச் சுவரே கிடையாது.

மூன்று மாதத்தில் அறை நிறைந்தது. பேரன் கத்தரிக்கோலை எடுத்தான். வேண்டாம் என்று தடுத்தவன் நான்தான். "நல்லா உசுரோட இருக்கறத ஏன்டா வெட்டற? அது பாட்டுக்கு இருக்கட்டும்." தாத்தா பேச்சைத் தட்டக்கூடாது என்று வைத்துவிட்டான். என் தருமத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

சில நாள் கழித்து விடியற்காலையில் மகளிடமிருந்து போன். தண்ணீர் பச்சைப் பால் மாதிரி கலங்கிவிட்டது. பாசி முழுக்க வெளுத்துக் கண்ணாடிக் காகிதம் போல் நிற்கிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நாலு மீனில் இரண்டு மத்தியானத்துக்குள் போய்விட்டன. காற்றுப் பம்பு வைத்து, பாதித் தண்ணீரை மாற்றி, கரித்தூள் வடிகட்டி போட்டு மற்ற இரண்டைக் காப்பாற்றினார்கள்.

நடந்தது இதுதான். காலெர்ப்பா இனம் பெருக்கும் வேளை வந்தால் தன் உடம்பில் உள்ள பச்சையம் முழுவதையும் இன அணுக்களாக மாற்றிவிடும். ஒரே செல் ஆகையால் பாதி, கால் என்பதில்லை, முழுவதும் போகும். விடியும் நேரத்தில் எல்லாவற்றையும் நீரில் கொட்டிவிட்டுக் கூடு மட்டும் மிஞ்சும். கடலில் நடந்தால் அலை அடித்துக்கொண்டு போய்விடும். நூறு லிட்டரில் நடந்தால்? கொட்டியதும் கூடும் அழுக, பிராணவாயு தீர்ந்துவிடும். வெட்டாமல் நெருக்கமாக விட்டாலும், சத்தும் வெளிச்சமும் திடீரென மாறினாலும் இப்படி ஆகும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம்.

ஓரறிவு உயிரைக் காக்கப்போய் ஐயறிவு உயிர் இரண்டைக் கொன்றேன். உயிர்களைக் கட்டிவைப்பதே கொல்லாமை விரதத்துக்கு வரும் குற்றங்களில் ஒன்று என்று எங்கள் தத்துவார்த்த சூத்திரம் சொல்கிறது. கட்டிவைத்ததுதான் வைத்தோம், வைத்தபின் அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது அதைவிடப் பெரிய குற்றம் என்று அன்றைக்குத் தெரிந்தது. எடுத்த பாசியைக் கையில் பிடிக்கும்போது இன்றும் அந்த இரண்டு மீன்கள் கண்ணில் வரும்.

தொட்டியை விட்டு வெளியே போன பாசி

"அப்ப இந்தப் பாசிய எங்கயாவது ஏரியில உட்டுடலாமா? பொழைச்சாப் பொழைக்கட்டும்" என்று மகள் கேட்டாள். இரக்கத்தில் கேட்டதுதான். அதே இரக்கமோ சோம்பலோ உலகில் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள்.

மீன் காட்சிசாலைகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட காலெர்ப்பா டாக்சிஃபோலியா, 1984-ல் மொனாக்கோ நாட்டுக் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் சுமார் ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் காணப்பட்டது. அதை எழுதி எச்சரித்தவர் அலெக்சாந்தர் மெய்னேஸ் என்ற பேராசிரியர். அதன் உடம்பில் உள்ள ஒருவகை நச்சால் மீன்கள் அதைத் தின்னவில்லை. நங்கூரத்திலும் வலையிலும் ஒட்டிய துண்டெல்லாம் புதுக் கொடியாயிற்று. 2000-க்குள் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, குரோவேஷியா, துனிசியா வரை பரவி, ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் கடற்புல் வெளிகளை மூடியது. பின்னாளில் பல இடங்களில் தானாகவே குறைந்தாலும் அதற்குள் ஆன சேதம் ஆனதுதான்.

2000 ஜூனில் அதே பாசி அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஒரு கடற்கழியில் தென்பட்டது. யாரோ வீட்டுத் தொட்டியைக் கழுவி ஊற்றியிருக்கவேண்டும் என்றே கருதினார்கள். தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, ஆறு வருஷம் கண்காணித்து, 2006-ல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல்!

நம் கதை ஒன்றும் உண்டு. காப்பாஃபைகஸ் என்ற பிலிப்பைன்ஸ் பாசியை, மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1984-ல் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. 1990-களில் மண்டபத்துக்கு வந்தது. 2000 முதல் பெப்சி கம்பெனி ஒப்பந்தத்தில் பயிரானதால் மீனவர் வாயில் அது 'பெப்சிப் பாசி' ஆயிற்று. பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் 2008-ல் அது அய்யங்கார் ஆராய்ந்த அதே குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடிக்கொண்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள்.

தாயாரின் வடிகட்டித் துணி

என் தாயார் கிணற்றுத் தண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டித்தான் குடத்தில் ஊற்றுவார். வடிகட்டியதும் துணியைச் சும்மா உதறமாட்டார். துணியைத் திருப்பி, வடித்த நீராலேயே அலசி, அந்த அலசல் நீரை மெதுவாக அதே கிணற்றில் விடுவார். பக்கத்து வீட்டுக் கிணறு கிட்டே இருந்தாலும் அதில் விடமாட்டார். சிறுவனாக இருந்தபோது கேட்டேன்: "எல்லாம் தண்ணிதானேம்மா?" அவர் சொன்னார்: "ஒரு தண்ணில பொறந்ததுக்கு இன்னொரு தண்ணி ஆவாதுடா. அதுக்கும் கேடு, அங்க இருக்கறதுக்கும் கேடு."

இது சமணர் வீட்டு ஆசாரம் என்று நினைத்திருந்தேன். மொனாக்கோவின் கதையைப் படித்தபோதுதான் அது கடலியலும் என்று தெரிந்தது. ஆகவே மகளுக்கு நான் சொன்ன பதில்: ஏரியும் வேண்டாம், சாக்கடையும் வேண்டாம். மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி போன்ற கடற்கரை ஊர்களில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தார் இதில் இருமடங்கு கவனமாக இருக்கவேண்டும். அங்கே சாக்கடை முடியும் இடம் கடல். வெட்டிய பாசியை மாடியில் நன்றாகக் காயவைத்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, மக்கவைத்துக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடுகிறோம். கடலோரத்தில் தென்னைக்குப் பாசி உரம் போடுவது பழைய வழக்கம்தானே. தொட்டி கழுவிய தண்ணீரையும் வடிகட்டி, துணியில் நின்றதைக் காயவைத்த பிறகே எறிகிறோம். மிஞ்சிய இரண்டு மீன்களையும் எங்கும் விட முடியாது. அவற்றின் ஆயுள் வரை நன்றாக வைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. அதற்குமேல் புது மீன் வாங்குவதில்லை என்று பேரனே முடிவு செய்துவிட்டான்.

வெட்டுவதிலும் ஒரு அளவு உண்டு. இதற்கு நமக்கு வழிகாட்டி பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள். மன்னார் வளைகுடாவில் பாசி எடுத்துப் பிழைக்கும் அவர்கள், மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே எடுப்பது, மற்ற நாளில் பாசியை வளரவிடுவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களை முன்னின்று நடத்திய லட்சுமி மூர்த்தி என்ற அம்மையாருக்கு 2015-ல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. கடலில் எடுக்காமல் இருக்கும் நாள் முக்கியம். தொட்டியில் எடுக்கும் நாள் முக்கியம். இரண்டுக்கும் வேண்டியது கணக்கு.

இப்போது பேரன் என் பழைய பேரேடு ஒன்றை வாங்கிப்போய்த் தொட்டிக்குக் கணக்கு எழுதுகிறான். இடப்பக்கம் போட்ட தீனி, வலப்பக்கம் எடுத்த பாசியின் எடை. இரண்டு வாரத்துக்கொரு முறை போன் செய்து, "தாத்தா, இன்னிக்கு அறுப்பு" என்பான். "பாத்து எடுடா, உள்ள பூச்சி இருந்தா அலசி அதே தண்ணியில உடு" என்பேன். அவன் பாட்டி முப்பாட்டியிடமிருந்து வந்த வழக்கம். அவன் தலைமுறையில் கண்ணாடித் தொட்டியில் நடக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரேனும் சமுத்திரத் தொட்டி வைக்க ஆசைப்பட்டால் இக்கட்டுரையைப் படிக்கக் கொடுங்கள். குடிபாலாப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள், பேசுவோம்.